பைபோலர் உள்ள பிள்ளையை எங்கே காட்டுவது? திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த தாய் மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். 11 வயது மகன் அவருடைய மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். என் மகளின் கிளினிக் கொப்பி தடித்துப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்கள் பல இடம் போய் வந்திருக்கிறீர்கள் போல. இவனை இங்கேயே காட்டலாமா, கண்டிக்குக் கொண்டுபோவதா, கொழும்புக்கா? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்" என்று கேட்டார். எங்கள் இலக்கத்தைக் கூப்பிடுவதற்குள் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் அந்த வாங்கில் இருக்கிறார்கள்.

என் மகளுக்கு இப்போது 16 வயது. பைபோலர் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. இருமுனைய மனநிலைக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள். வீட்டில் நாங்கள் ஏற்றம், இறக்கம் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். இறக்கம் வந்தால் கட்டிலை விட்டு எழும்ப மாட்டாள், தலை வார மாட்டாள், பிடித்த மீன் குழம்பைக்கூடத் தொட மாட்டாள். ஏற்றம் வந்தால் இரவு முழுவதும் கண் மூட மாட்டாள், ஆனால் விடிந்தால் களைப்பும் இருக்காது. ஒரு பேச்சு முடியுமுன் அடுத்த பேச்சு முந்திக்கொண்டு வரும்.

முதல் ஏற்றத்தை நாங்கள் நோய் என்றே நினைக்கவில்லை. மூன்று மாதம் சுருண்டு கிடந்த பிள்ளை எழும்பிக் கோலம் போடுகிறாள், பாடுகிறாள், அயல் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று மகிழ்ந்துபோய் அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். ஆறாம் நாள் காதுத் தோட்டைக் கழற்றி வீதியில் போன யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, உள்துறைமுகத்தை நீந்திக் கடக்கப்போவதாகச் சொல்லிப் புறப்பட்டாள். அவளுடைய தகப்பன் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினார்.

இடங்களை ஒப்பிடும் முன், எதை வைத்து ஒப்பிடுவது என்பதைச் சொல்ல வேண்டும். "யார் பெரிய டொக்டர்?" என்பதை மட்டுமே நாங்கள் விசாரித்துக்கொண்டு திரிந்தோம். அதனால் ஒரு வருடம் வீணாகிப்போனது. இந்த நோயில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பிள்ளைக்கு இருப்பது என்ன என்று கண்டுபிடிப்பது ஒன்று. கண்டுபிடித்த பின் வருடக்கணக்காக அதைக் கொண்டுநடத்துவது மற்றது. முதல் வேலைக்கு எவ்வளவு தூரமும் போகலாம், ஏனென்றால் அது இரண்டு மூன்று பயணத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது வேலை மாதா மாதம் வருவது. மழையிலும், பரீட்சைக் காலத்திலும், கையில் காசில்லாத மாதத்திலும் போய்ச் சேரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

மாலை நேரச் சனலிங்

சனலிங் என்றால் காசு கட்டித் தனியாரிடம் நிபுணரைப் பார்ப்பது. நாங்கள் முதலில் போனது இதற்குத்தான். அயலவர் கண்ணில் படாமல் போய் வரலாம் என்பதே காரணம். மகள் அப்போது இறக்கத்தில் இருந்தாள். அந்த மருத்துவர் ஐந்து நிமிடம் கேட்டார், மனச்சோர்வு என்றார், சோர்வுக்கான குளிசை எழுதினார். இதற்கு முன் எப்போதாவது உற்சாகம் அளவு மீறி இருந்ததா, தூக்கம் இல்லாமலே சுறுசுறுப்பாக இருந்தாளா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது வாரத்தில்தான் நான் மேலே எழுதிய ஏற்றம் வந்தது.

பைபோலர் உள்ள ஒருவருக்கு மனச்சோர்வுக் குளிசையைத் தனியாகக் கொடுத்தால் அது ஏற்றத்தைக் கிளப்பிவிடக்கூடும் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விடயம். எங்கள் பிள்ளைக்கு அது அந்தக் குளிசையால்தான் வந்ததா, தானாக வந்ததா என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த மூன்று கேள்விகளைக் கேட்காத எந்த இடத்திலும் பிள்ளையின் சிகிச்சையைத் தொடங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள்.

சனலிங் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே நிபுணர் பகலில் அரச வைத்தியசாலையிலும் மாலையில் தனியாரிலும் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். அவசரமான ஒரு சந்தேகத்தைத் தீர்க்க அது உதவும். மாதா மாதம் கட்டணமும் குளிசையும் இரத்தப் பரிசோதனையும் வெளியே என்றால், சாதாரண குடும்பம் ஒன்று ஆறாவது மாதத்தில் களைத்துவிடும். களைத்தவுடன் முதலில் நிற்பது குளிசை.

நூலும் நேர்த்தியும்

மாமி பத்திரகாளி அம்மன் கோவிலில் நேர்த்தி வைத்து நூல் கட்டினார். மூதூர்த் தாயின் கணவர் வீட்டார் ஓதிய தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனது. இவற்றை மருந்தோடு எடைபோட்டுப் பார்க்க எனக்கு மனமில்லை. மகள் இறக்கத்தில் கிடந்த நாட்களில், யாரோ தனக்காக விளக்கேற்றுகிறார்கள் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த நூல் இன்னும் அவள் கையில் இருக்கிறது. மாமியிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: "மாமி, எதையும் செய்யுங்கள். குளிசையை நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும் இவளைக் கொண்டுபோகாதீர்கள்." அவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

சித்த மருத்துவம் வேறு கதை. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் பல்கலைக்கழக மட்டத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள், அதன் மேல் நம் சனத்துக்கு நம்பிக்கையும் உண்டு. ஆனால் பைபோலருக்காக லித்தியம் போன்ற மருந்து எடுக்கும் பிள்ளைக்குச் சூரணமோ பற்பமோ சேர்த்துக் கொடுத்தால், இரண்டு பக்கத்து வைத்தியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சில பற்பங்களிலும் செந்தூரங்களிலும் உலோகங்கள் உண்டு. லித்தியம் வெளியேறுவதும் சிறுநீரகம் வழியாகத்தான். ஒளித்துக் கொடுப்பதுதான் ஆபத்து.

கொழும்பு

வெள்ளவத்தையில் மச்சாள் வீடு இருந்ததால் எங்களுக்குத் தங்க இடப் பிரச்சினை இல்லை. கொழும்பில் 1895ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. முல்லேரியாவில் தேசிய மனநல நிறுவகம் இருக்கிறது. அதைத்தான் நம் சனம் அங்கொடை என்று சொல்லி, அந்த ஊர்ப் பெயரையே ஒரு வசையாக்கி வைத்திருக்கிறது. சிறுவர் உளமருத்துவம் தனி ஒரு சிறப்புத் துறை. அதில் பயின்ற நிபுணர்கள் இலங்கை முழுவதற்கும் மிகச் சிலர்தான், பெரும்பாலும் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள்.

நாங்கள் போன இடத்தில் கிடைத்தது நேரம். ஒன்றரை மணித்தியாலம் எங்களோடு பேசினார்கள். அவளோடு தனியாக, எங்களோடு தனியாக, பிறகு எல்லோரோடும். என் ஐயாவின் தமையனைப் பற்றிக் கேட்டபோதுதான் நான் விழித்துக்கொண்டேன். இளம் வயதில் "விசர்" என்று ஊர் ஒதுக்கிவைத்த மனிதர். சில மாதம் ராஜாவைப் போல் செலவழிப்பார், சில மாதம் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பார். இந்த நோய் குடும்ப வழியில் வரக்கூடியது. இரத்த உறவில் ஒருவருக்கு இருந்திருந்தால் அந்தத் தகவல் நோயைக் கண்டறிவதில் பெரிய துணை. அவரைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று மூடி மறைத்து வளர்ந்தவள் நான். அந்த மறைப்புக்கு என் பிள்ளை விலை கொடுத்தாள்.

ஏற்றம் என்று சொல்வதற்கு ஒரு அளவு உண்டு என்பதையும் அங்கேதான் விளங்கப்படுத்தினார்கள். முழுமையான ஏற்றம் குறைந்தது ஏழு நாள் நீடிக்க வேண்டும், அல்லது வைத்தியசாலையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். அதைவிட மென்மையான வடிவத்துக்கு நான்கு நாள். ஒரு மாலை நேரம் துள்ளிக் குதித்தால் அது பைபோலர் ஆகாது. கோபக்காரப் பிள்ளை எல்லாம் பைபோலர் பிள்ளையும் ஆகாது.

இனிக் கொழும்பின் மறுபக்கம். திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீட்டர். இரவு ரயிலில் போனால் காலை கிளினிக்குக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம் என்பதால் நாங்கள் அதைத்தான் பிடித்தோம். மூன்றாவது பயணத்தில்தான் எனக்குப் புரிந்தது. இந்தப் பிள்ளைக்கு ஓர் இரவுத் தூக்கம் கெடுவதே ஒரு தூண்டுதல். தூக்கம் குறைவது ஏற்றத்தின் அறிகுறி மட்டுமில்லை, ஏற்றத்தைத் தொடக்கிவிடும் காரணமாகவும் அது அமையும். வைத்தியத்துக்காக மாதம் தோறும் இரண்டு இரவு அவளுடைய தூக்கத்தை நாங்களே கெடுத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பயணம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் நிறுத்தாமல் பேசினாள்.

அதைவிடப் பெரிய தடை மொழி. இதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சமாளிக்கலாம். மனநோயில் சொல்தான் அறிகுறி. மகள் "அந்தரமாக இருக்கிறது" என்றாள். கூட வந்தவர் அதைப் பயம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். நம் ஊரில் அந்தரம் என்றால் பயமா? உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உள்ளே ஏதோ தள்ளிக்கொண்டிருப்பது அல்லவா? அந்த ஒரு சொல்லைத் திருத்த எங்களுக்கு இன்னொரு பயணம் தேவைப்பட்டது. மச்சாள் நன்றாகச் சிங்களம் பேசுவார், அன்போடு உதவியும் செய்தார். ஆனால் சாக வேண்டும் போல் இருந்த இரவுகளைப் பற்றி மச்சாள் முன்னால் மகள் வாய் திறக்கவில்லை. அதைத் திருகோணமலையில், தமிழில், தனியாகக் கேட்ட ஓர் இளம் வைத்தியரிடம்தான் சொன்னாள்.

ஆகவே கொழும்பு எங்களுக்கு எதைத் தந்தது என்றால், நோயின் பெயரை உறுதிப்படுத்தியது, சிகிச்சைத் திட்டம் ஒன்றை எழுதித் தந்தது, எங்கள் ஊர் வைத்தியருக்கு ஒரு கடிதம் தந்தது. அந்தக் கடிதத்துக்காகவே போகலாம்.

கண்டி, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம்

கண்டி 180 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஹபரணை, தம்புள்ளை வழியாகப் பகலிலேயே போகலாம் என்பது அதன் முதல் நன்மை. பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் போதனா வைத்தியசாலையும் மருத்துவ பீடமும் அருகருகே இருக்கின்றன. முந்தின நாள் போய், ஒரு முழு இரவு தூங்க வைத்து, காலையில் காட்டிவிட்டுத் திரும்பலாம். மலையகத்துத் தமிழர் நிறையப் பேர் வந்துபோகும் இடம் என்பதால் தமிழ் முற்றிலும் அந்நியமும் இல்லை. சின்னப் பிள்ளைகளின் விடயத்தில், கொழும்பில் வீடு வாசல் இல்லாத குடும்பத்துக்குக் கண்டியைத்தான் முதலில் சொல்வேன்.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் பெரிய பலம், தாதி முதல் நிபுணர் வரை தமிழில் பேசலாம் என்பது. கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும்வரை பாதைப் படகுக்குக் காத்திருந்த நாட்களை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது கரையோர வீதியால் நேரே போகலாம். மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்தவர்களுக்கு அது இன்னும் கிட்ட. யாழ்ப்பாணத்திலும் போதனா வைத்தியசாலையும் மருத்துவ பீடத்தின் உளமருத்துவத் துறையும் உண்டு, மொழிச் சிக்கல் இல்லை. அங்கே உறவினர் இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் தூரம் அதிகம்.

நம் ஊர் கிளினிக்

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநல கிளினிக்குக்குத்தான் இன்று என் மகள் போகிறாள். கடைசியாகப் போன இடம் இதுதான், முதலில் போயிருக்க வேண்டிய இடமும் இதுதான்.

குறைகளை மறைக்க மாட்டேன். கூட்டம் அதிகம். பெரியவர்களோடு பிள்ளைகளும் ஒரே வாங்கில் காத்திருக்கிறார்கள். முதல் நாள் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து மகள் என் கையை இறுக்கிப் பிடித்து, "அம்மா, நானும் இப்படி ஆகிவிடுவேனா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. தெரிந்தவர் கண்ணில் படும் பயமும் உண்டு. உவர்மலையில் இருப்பவருக்கும் பாலையூற்றில் இருப்பவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்த சிறிய பட்டினம் இது. "என்ன, இங்கே?" என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

ஆனால் எங்களைக் கைவிடாமல் தாங்கி நின்றதும் அந்த இடம்தான். ஒரே உளநல வைத்திய அதிகாரி அவளைப் பல மாதம் தொடர்ந்து பார்த்தார். அவள் கதவுக்குள் நுழையும் வேகத்தை வைத்தே அவர் "தூக்கம் எப்படி?" என்று முதல் கேள்வியை மாற்றிக் கேட்பார். எப்போதாவது ஒருமுறை பார்க்கும் நிபுணருக்கு அது கண்ணில் படாது. மருந்து இலவசம். இரத்தப் பரிசோதனைக்குச் சாப்பாட்டு நேரம், பஸ் நேரம் பார்த்து ஓட வேண்டியதில்லை. நோய் கிளம்பிய ஒரு செவ்வாய்க்கிழமை, கிளினிக் நாள் இல்லாதபோதும், கொப்பியைக் காட்டியவுடன் உள்ளே எடுத்தார்கள். அன்று நாங்கள் கொழும்பை மட்டும் நம்பியிருந்தால் என்ன செய்திருப்போம்?

கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பகுதிகளில் இருப்பவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் உளநல வைத்தியர் எந்த நாள் பார்க்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். அங்கே ஒரு கொப்பி திறந்து, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு மேலே போவது நல்லது. கடிதத்தோடு போகும் பிள்ளையின் கதையைப் பாதியிலிருந்து தொடங்கலாம்.

எங்கே காட்டினாலும் கேட்க வேண்டியவை

இடத்தை முடிவு செய்யும்போது மருந்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். லித்தியம் பழைய மருந்து. 1949இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் அதன் பயனை எழுதினார். இன்றும் பைபோலருக்கான முக்கிய மருந்துகளில் ஒன்று அது. ஆனால் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தூரம் குறைவு. அதனால் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் இடையிடையே சோதிக்க வேண்டும். கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்துத்தான் இரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு. "அந்தப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள், முடிவு வர எத்தனை நாள்?" என்று மருந்து தொடங்கும் முன்பே கேளுங்கள். பதில் "கொழும்புக்கு அனுப்ப வேண்டும்" என்றால் அதற்கு ஏற்ற திட்டமும் வேண்டும்.

நம் ஊர் வெயில் இதில் சம்பந்தப்படுகிறது. சித்திரை, வைகாசியில் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் போதாமல் போனால், அல்லது வயிற்றோட்டம் வந்தால், உடலில் லித்தியத்தின் அளவு ஏறும். உப்பைத் திடீரென்று குறைத்தாலும் ஏறும். தலையிடிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரோபென், டைக்ளோபினாக் போன்ற வலிக் குளிசைகளும் அதை ஏற்றும். பனடோல் அப்படிச் செய்யாது. கந்தசஷ்டிக்குத் தண்ணீர் கூடக் குடிக்காமல் விரதம் இருக்கும் வீடுகளும், ரமழான் நோன்பு பிடிக்கும் வீடுகளும் இதை முன்கூட்டியே வைத்தியரோடு பேசிவிட வேண்டும். கை கடுமையாக நடுங்குவது, வாந்தி, தள்ளாட்டம், நாக்குக் குழறுவது கண்டால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பெண் பிள்ளைகளின் தாய்மார், பைபோலருக்குக் கொடுக்கும் வல்புரோயேட் என்ற மருந்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கர்ப்பத்தில் இருக்கும் சிசுவுக்குக் கடும் பாதிப்பு ஏற்படுத்தக்கூடியது என்பதால், பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் அதைத் தொடங்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வலியுறுத்தியது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், வைத்தியரிடம் பேசி மாற்றுங்கள். ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்றவை ஏற்றத்தை விரைவாக அடக்கும். உடல் பருமனையும் கூட்டும். என் மகளுக்கு ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ கூடியது. 15 வயதுப் பெண்ணுக்கு அது சின்ன விடயமா? அவள் இரகசியமாகக் குளிசையைத் துப்பத் தொடங்கியதற்குக் காரணம் அதுதான். திட்டுவதற்குப் பதில் அவளையே வைத்தியரிடம் சொல்லச் சொன்னேன். அளவை மாற்றித் தந்தார்கள்.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பார்மசி பார்மசியாக ஏறி இறங்கிய கதையைக் கிளினிக்கில் மூத்த தாய்மார் இன்னும் சொல்கிறார்கள். ஆகவே பத்து நாளுக்கான குளிசை கூடுதலாகக் கைவசம் இருப்பது நல்லது. ஆனால் அது பூட்டிய அலுமாரிக்குள், பெரியவர் ஒருவரின் கையில் இருக்க வேண்டும். இறக்க காலத்தில் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு குளிசைக் குப்பியை வைத்திருப்பதைவிட ஆபத்தானது எதுவும் வீட்டில் இல்லை.

மருந்து தனியே போதாது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உதவியாளர் இருப்பார், பாடசாலையில் அதற்குப் பயின்ற ஆசிரியர் இருக்கலாம். இவர்கள் மருந்தைத் தீர்மானிப்பவர்கள் இல்லை, நோய் இல்லை என்று சொல்வதற்கும் உரியவர்கள் இல்லை. ஆனால் குடும்பம் முழுவதையும் உட்காரவைத்து, நோயின் முன்னறிகுறிகளைக் கற்றுக்கொடுத்து, வீட்டுச் சண்டையைக் குறைக்கப் பழக்கும் சிகிச்சை இந்த நோய்க்கு மருந்தோடு சேர்ந்து பலன் தருகிறது. எங்கள் வீட்டில் அவளுடைய தகப்பனுக்குத்தான் அது அதிகம் உதவியது. "சோம்பல்" என்ற சொல்லை அவர் விட்டுவிட்டார்.

பாடசாலைக்குச் சொல்வதா என்பதில் நாங்கள் நீண்ட நாள் தடுமாறினோம். யாருக்கும் சொல்லாமல் இருந்த காலத்தில், இறக்கத்தில் போகாத நாட்களுக்குத் தண்டனை கிடைத்தது. எல்லோருக்கும் தெரியவந்த இன்னொரு வீட்டில், வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பையனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். நாங்கள் உப அதிபருக்கும் வகுப்பாசிரியைக்கும் மட்டும் சொன்னோம். இரவு ரியூசனை நிறுத்தினோம். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தின மாதங்களில் ஊரே விழித்திருந்து படிக்கும்போது, என் பிள்ளை பத்து மணிக்கு விளக்கை அணைத்தாள். புள்ளி குறைந்தது. அவள் வைத்தியசாலை விடுதியில் இல்லாமல் பரீட்சை மண்டபத்தில் இருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

உயிராபத்து என்று தோன்றினால் எந்த ஒப்பீடும் வேண்டாம். 1990ஐ அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அல்லது கிட்ட உள்ள அரச வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்தால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம்.

மூதூர்த் தங்கச்சிக்கு

என் மகளுக்காக நான் எடுத்த முடிவு ஊர் கிளினிக். கொழும்பு நிபுணர் வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் பகல் பயணமாக. உங்கள் மகனுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

அவனுக்கு 11 வயது. கோபம் வந்தால் எதையும் தூக்கி எறிகிறான், ஒவ்வொரு நாளும் அப்படித்தான், இரண்டு வருடமாக அப்படித்தான் என்று சொன்னீர்கள். இரவில் நன்றாகத் தூங்குகிறான் என்றும் சொன்னீர்கள். யாரோ ஒருவர் பைபோலர் என்று சொல்லிவிட்டார் என்றீர்கள். நான் வைத்தியர் இல்லை. ஆனால் பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளில் இந்த நோய் அரிது. பெரும்பாலும் அது தலைகாட்டுவது பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும்தான். அது விட்டு விட்டு வந்துபோகும், இடையில் பிள்ளை பழைய பிள்ளையாக இருக்கும். நாள் தவறாத எரிச்சலும் வெடிப்பும் வேறொன்றாக இருக்கலாம். கவனக்குறைவும் மிகை இயக்கமுமாக இருக்கலாம். 2013இல் அமெரிக்க உளமருத்துவர்கள், இப்படி ஓயாத சினத்தோடு இருக்கும் சிறுவர்களுக்குப் பைபோலர் என்ற பெயர் தவறாக ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகவே தனியாக ஒரு நோய்ப் பெயரைச் சேர்த்தார்கள். பள்ளியில் யாராவது அவனை வருத்துகிறார்களா, வீட்டில் எதையாவது பார்த்துப் பயந்தானா என்பதையும் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பது. மூதூர் ஆதார வைத்தியசாலையில் ஒரு கடிதம் வாங்குங்கள். சிறுவர் உளமருத்துவர் ஒருவர் எந்த நாள் பார்க்கிறார் என்று பேராதனையைக் கேளுங்கள், மொழி பயமாக இருந்தால் மட்டக்களப்பைக் கேளுங்கள். முந்தின நாளே போய்த் தங்குங்கள். அவனைத் தனியாகவும் பேசவிடச் சொல்லுங்கள். அதுவரை அவர்கள் உறுதிப்படுத்தாத எந்தக் குளிசையையும் அக்கம்பக்கத்தார் சொன்னதற்காகத் தொடங்காதீர்கள்.

போகும் முன் ஒரு 40 பக்கக் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் நான்கு விடயம் மட்டும்: எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழும்பினான், எப்போது கோபம் வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. இரண்டு வாரம் எழுதினால் போதும். அடுத்த கிளினிக் 18ஆம் திகதி. நான் அதே வாங்கில் இருப்பேன். கொப்பியைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.